செர்வுட் பச்சையும் ஒரு பச்சைக் காகமும்

டயமைன் கம்பனியின் செர்வுட் கிரீன் என்ற மையை இந்த மழைக்காலம் முழுவதும் இரண்டு பேனைகளில் போட்டுப் பாவித்து வருகிறேன். ஒன்று எழுதுவதற்கு, மற்றது வரைவதற்கு. மரம் செடி வரையலாம் என்ற ஆசையில்தான் பச்சையைத் தெரிவு செய்தேன். மரம் செடியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது நன்றாக உழைக்கிறது. சொல்ல வந்தது அதைத்தான். ஆனால் முதலில் எழுத்தைப் பார்த்துவிடுவோம்.

போத்தல் லண்டனில் இருந்து மச்சாளின் சூட்கேசில் வந்தது. 30 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலை ஒரு காலுறைக்குள் திணித்து, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, மூன்று றப்பர் பாண்டும் போட்டிருந்தாள். அவள் பயம் அவளுக்கு. இங்கே வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் போத்தல் மை கேட்டால் நீலம், கறுப்பு, அதிர்ஷ்டம் இருந்தால் சிவப்பு கிடைக்கும். பச்சை என்றால் "ஸ்டாம்ப் பாட்டுக்கோ?" என்று கேட்கிறார்கள்.

டயமைன் பழைய கம்பனி. 1864இல் லண்டனில் தொடங்கியது, பிறகு லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதற்குச் சில வருடங்கள் முன்புதான், 1856இல், வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் குவினைன் செய்து பார்க்கப் போய் ஊதாச் சாயத்தில் முட்டிக்கொண்டான். நிலக்கரித் தாரில் இருந்து சாயம் எடுக்கிற காலம் அதோடு தொடங்கியது. இன்றைக்குப் போத்தலில் வருகிற பச்சைகள் அந்த வழியில் வந்தவை. அதற்கு முந்தைய ஐரோப்பாவில் கையால் ஏடு எழுதினவர்கள் பச்சைக்குச் செம்பைத்தான் தேடிப் போனார்கள். செப்புத் தகட்டை வினாகிரி ஆவியில் வைத்து, அதில் பூக்கிற களிம்பைச் சுரண்டி எடுத்தார்கள். செம்புக் குடத்தில் நாங்கள் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோமே, கிட்டத்தட்ட அதே சரக்கு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காலம் போகப் போகத் தாளையே அரித்துவிடும். பச்சை பூசின இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாகிப் போன ஏடுகள் உண்டாம். என்னுடைய கொப்பிகளுக்கு அந்தப் பயம் இல்லை. செர்வுட் வெறும் சாயமும் தண்ணீரும், கெடாமல் இருக்கக் கொஞ்சம் மருந்தும்தான்.

செர்வுட் என்பது இங்கிலாந்தில் ரொபின் ஹூட் ஒளிந்திருந்ததாகக் கதை சொல்கிற காடு. பெயருக்கு ஏற்ற நிறம். கிளிப்பச்சையின் கூச்சல் இதில் இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு பலா இலையின் மேற்பக்கம் எப்படி இருக்குமோ, அந்த நிறம். மெல்லிய நிப்பில் எழுதினால் தூரத்தில் இருந்து பார்க்கிறவர் கறுப்பு என்றே நினைப்பார். கிட்ட வந்தால்தான் பச்சை தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. பிரகாசமான பச்சைகளை ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியாது, கண் கூசும்.

எழுதுகிற பேனை பைலட் மெட்ரோபொலிட்டன், ஃபைன் நிப். ஜப்பான்காரர்களின் ஃபைன் ஐரோப்பியர்களின் ஃபைனை விட ஒரு படி மெல்லியது. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். தடித்த நிப்பால் ண, ஞ, ணை எல்லாம் எழுதிப் பாருங்கள், சுழிக்குள் மை நிறைந்து எல்லாம் ஒரே குண்டாகிவிடும். பிறகு வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பாடசாலைக் காலத்தில் ஹீரோ பேனையில் எழுதின நாங்கள் எல்லோரும் பொடி எழுத்துக்காரர்கள் ஆனதற்கு அந்த மெல்லிய நிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மையில் நான் எதிர்பார்க்காத ஒரு அழகு, புள்ளிகள். ஒரே கோட்டுக்குள் மை ஓர் இடத்தில் வெளிறியும் ஓர் இடத்தில் அடர்ந்தும் நிற்பதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரிதாகப் புகழ்வார்கள். பேனை எங்கே தாமதிக்கிறதோ அங்கே மை தேங்கும், தேங்கின இடம் கருக்கும். ஆங்கிலக் கூட்டெழுத்தில் பேனை தாமதிப்பது குறைவு. தமிழில் அப்படி இல்லை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் பேனையைத் தூக்கி, மேலே கொண்டுபோய், ஒரு கணம் குத்தி எடுக்கிறோம். செர்வுட்டில் எழுத்து பச்சையாக இருக்க, புள்ளி மட்டும் கிட்டத்தட்டக் கறுப்பாக விழுகிறது. பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் வரிக்கு மேலே கறுப்புப் புள்ளிகள் தனியாக ஓடுவது தெரியும். ஓலையில் எழுதின காலத்தில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று பல இடங்களில் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். வாசிக்கிறவர்தான் எது மெய், எது உயிர்மெய் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். என் கொப்பியில் இப்போது புள்ளிதான் முதலில் கண்ணில் படுகிறது.

தாளைப் பற்றிச் சொல்லாமல் மையைப் பற்றிப் பேச முடியாது. கொழும்பில் அது இன்னும் சிக்கல். எங்கள் வீடு காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கடைசியில் மரைன் டிறைவ், ரயில் பாதை, பிறகு கடல். உப்புக் காற்றும் ஈரமும் எப்போதும் உண்டு. மேசையில் திறந்து வைத்த கொப்பி மாலையாகும்போது சற்றே நமத்துப் போயிருக்கும். நமத்த தாளில் மை நார் நாராகப் பரவும், காய்வதற்கும் நேரம் எடுக்கும். அதே கொப்பி, அதே பேனை, வெயில் நாளில் வேறு மாதிரி எழுதும். பெரிய மழைக்கு முன் எழுதின பக்கத்தை மழைக்குப் பின் எழுதின பக்கத்தில் இருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியும். வெளிநாட்டுக்காரர் "இத்தனை செக்கனில் காய்ந்தது" என்று எழுதுவதை எல்லாம் இங்கே அப்படியே நம்பக் கூடாது.

கடையில் வாங்குகிற சி.ஆர். கொப்பிகளில் சில பழைய கையிருப்பு நன்றாக இருக்கிறது. புதிதாக வாங்கின ஒன்றில் எழுதினால் மை பின்பக்கம் வரை ஊறுகிறது. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தாள் இல்லாமல் தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் இருந்து கொப்பி வாங்கும்போது ஒரு தாளை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கடைக்காரர்கள் சேலைக் கடையில் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஃபோட்டோகொப்பிக்குப் பாவிக்கிற 80 கிராம் தாள் மெல்லிய நிப்புக்குப் போதும். வரையத்தான் வேறு தாள் வேண்டும்.

பச்சை மையை வெளியில் எடுத்தால் ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். என் ஒபிசில் கேட்டது, "என்ன, திரும்ப ஓடிட்டுக்குப் போயிட்டீங்களோ?" நான் கணக்குத் துறை. படிக்கிற காலத்தில் ஓடிட் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் தந்த முதல் ஆயுதம் ஒரு பச்சைப் போல்பொயிண்ட் பேனைதான். கணக்குப் புத்தகம் எழுதுகிறவர் நீலத்திலோ கறுப்பிலோ எழுதியிருப்பார், அவருடைய மேலதிகாரி சிவப்பில் திருத்தியிருப்பார். நாங்கள் போடுகிற சரி அடையாளம் அவர்கள் கைபட்டதில் இருந்து தனியாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் பச்சை. நெசவாலை, தேயிலை ஏற்றுமதி, இரும்புக் கடை என்று யார் யாருடைய புத்தகங்களிலோ பக்கம் பக்கமாகப் பச்சைச் சரி போட்டிருக்கிறேன். அதனால் பச்சையில் எழுதினால் இன்னொருவர் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி ஓர் உணர்வு எனக்குள் இன்னும் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதும்போது இது நல்லதல்ல. என் வசனங்களையே சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

பிரித்தானியாவின் வெளிநாட்டு உளவுத் துறைக்கு 1909இல் முதல் தலைவராக வந்த மான்ஸ்ஃபீல்ட் ஸ்மித்-கமிங் 'சி' என்ற ஒற்றை எழுத்தைப் பச்சை மையில் கையெழுத்தாக வைப்பார். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அந்த எழுத்தையும் அந்த நிறத்தையும் விடவில்லை. அதே நாட்டுப் பத்திரிகை ஆசிரியர்கள், சதி, மர்மம், வேற்றுக்கிரகம் என்று நீள நீளமாகக் கடிதம் எழுதுகிற ஆட்களைப் பச்சை மைக்காரர்கள் என்று கேலி செய்வார்கள். உளவுத் தலைவருக்கும் கிறுக்கருக்கும் ஒரே போத்தல். வங்கியில் ஒரு படிவத்தைப் பச்சையில் நிரப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினா. எந்த வகையில் சேர்த்தாவோ தெரியாது.

பச்சை மை என்றதும் இலக்கியம் வாசிக்கிறவர்கள் சொல்கிற பெயர் கவிஞர் பாப்லோ நெருடா. பச்சையில் எழுதுவதற்குப் பேர்போனவர், அது நம்பிக்கையின் நிறம் என்பாராம். அவர் இங்கே இருந்திருக்கிறார். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு வீட்டில், ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்துக்கொண்டு வாழ்ந்தார். அவருக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. 1971இல் நொபெல் பரிசு, 1973இல் மரணம். அடுத்த வருடம் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில், அந்த வெள்ளவத்தை வீட்டில் காலையில் மலக்கூடம் சுத்தம் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை அவர் என்ன செய்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சம்மதிக்கவில்லை என்பது அவர் எழுத்திலேயே தெளிவாக இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க யோசனை வந்தபோது சிலியின் பெண்கள் எதிர்த்தார்கள், அதன் பிறகுதான் பரவலாகப் பேசினார்கள். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை.

என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கேயோ நடந்தது அது. எந்த ஒழுங்கை, எந்த வளவு என்று நான் தேடிப் போகவில்லை. ஆனால் "ஆ, நெருடாவின் நிறம்" என்று யாராவது என் கொப்பியைப் பார்த்துப் பரவசப்பட்டால் இந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன். மைக்கு ஒரு பாவமும் இல்லை. பாராட்டை மட்டும் அந்த வழியில் எனக்கு வேண்டாம்.

சரி, மைக்குத் திரும்புவோம். பச்சை என்று ஒரே சாயமாக வருவது குறைவு. நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்ததுதான் பெரும்பாலானவை. கோப்பி வடிகட்டுகிற தாளில் ஒரு நீளத் துண்டு வெட்டி, அடியில் இருந்து சற்று மேலே ஒரு சொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி ஒரு தம்ளரில் தொங்கவிட்டேன். தண்ணீர் ஏற ஏற மையையும் இழுத்துக்கொண்டு போயிற்று. தாளோடு ஒட்டிக்கொள்ள விரும்புகிற சாயம் பின்தங்கும், தண்ணீரோடு ஓட விரும்புகிறது முன்னால் போகும். தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் பச்சை பிரிந்து மஞ்சளும் நீலமும் தனித்தனியாக நின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரம் படிக்கிறான். "இது எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில இருக்கு அன்ரி" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வரைகிறவருக்கு இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, தண்ணீர் பட்டால் இந்த மை கரையும், கரையும்போது ஓரங்களில் நீலமோ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். அதைக் கெட்டுப்போனது என்று நினைக்காமல் வேலை வாங்கத் தெரிய வேண்டும். மற்றது, சாயம் வெயிலுக்கு நிற்காது. ஒரு துண்டில் கோடு கோடாக வரைந்து, பாதியைக் கறுப்பு மட்டையால் மூடி, மேற்குப் பக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். திறந்திருந்த பாதி வெளிறிவிட்டது. ஆகவே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு இது சரிவராது. அப்படிப்பட்டதுக்குப் பிளாட்டினம் கார்பன் மாதிரி நிறமித் தூள் கலந்த மை வேண்டும், அது தண்ணீருக்கும் அசையாது. ஆனால் அதைப் பேனைக்குள் காய விட்டால் பேனையைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. கொப்பிக்குள் மூடி வைக்கிற படங்களுக்கு சாய மை போதும். என்னுடையவை எல்லாம் கொப்பிக்குள்தான்.

வரைகிற பேனை லாமி சஃபாரி, எக்ஸ்ட்ரா ஃபைன் நிப். சிரிஞ்சால் மையை உறிஞ்சிக் கன்வேட்டருக்குள், அதாவது பேனைக்குள் மை நிற்கிற குழாய்க்குள், விட்டு நிரப்புகிறேன், கையும் சுத்தமாக இருக்கும், போத்தலுக்குள் அழுக்கும் போகாது. எங்கள் ஈரத்தில் நிப்பை நேரே போத்தலில் தோய்த்தால் பூஞ்சணம் பிடிக்க வழி செய்கிற மாதிரி. கையோடு பிடிக்கு உள்ளே தண்ணீர் நிரப்புகிற ஒரு பிரஷ். தாள் 200 கிராம் கார்ட்ரிட்ஜ் என்கிற தடித்த வரைதாள்.

முதலில் போனது விகாரமகாதேவிப் பூங்கா. பெரிய மாரா மரங்கள், கிளை விரித்துக் குடை பிடிப்பவை. அவற்றைப் பச்சையில் வரைந்தால் வருவது பாடசாலைச் சுவரில் தொங்குகிற தாவரவியல் அட்டை. அழகான கோடுகள், உயிர் இல்லாத மரம். பல்கனியில் நிற்கிற கறிவேப்பிலையை வரைந்தேன், அதே கதை. வாழை இலை இன்னும் மோசம். கொஞ்ச நாள் என் கையில்தான் பிழை என்று நினைத்துக் கோடுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு நாள் பென்சிலில் வரைந்த பழைய மாரா மரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. பென்சில் மரத்தில் பச்சையே இல்லை, ஆனால் பார்க்கிற கண் தானாகவே பச்சை போட்டுக்கொள்கிறது. வெயில் படுகிற இலை மஞ்சளாக, வானத்தைப் பார்க்கிற இலை வெள்ளையடித்த மாதிரி, வெயிலை முதுகில் வாங்குகிற இலை எரிகிற பச்சையாக என்று ஒரு மரத்தில் எத்தனையோ பச்சை. நான் செர்வுட்டில் வரைந்தவுடன் கண் அதையே இலையின் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டு, "இல்லையே, மரம் இப்படியா இருக்கும்?" என்று கேட்கிறது. கைக்கும் சோம்பல் வந்துவிடுகிறது. பச்சை போட்டாயிற்று, இனி ஒளியும் நிழலும் எதற்கு என்று அது நினைக்கிறது.

அதன் பிறகுதான் காகம். பல்கனிக்கு எதிரே கேபிள் வயரில் தினமும் ஒன்று வந்து இருக்கும், அம்மா வைக்கிற சோற்றுக்காக. கொழும்புக் காகத்துக்குக் கழுத்து சாம்பல், தலையும் செட்டையும் கறுப்பு. பேனையில் பச்சை இருந்தது, எழுந்து போய் வேறு எடுக்க மனமில்லை, வரைந்தேன். செட்டையை நெருக்கமான கோடுகளால் நிரப்பினேன். தண்ணீர் பிரஷால் அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு மையைக் கழுத்துப் பக்கம் இழுத்தேன். செட்டை கருத்த பச்சை, கழுத்து வெளிறின பச்சை, கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு. காகம் வந்துவிட்டது. யாரும் பச்சைக் காகம் என்று சொல்லவில்லை, காகம் என்றுதான் சொன்னார்கள். காகம் பச்சை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் கண் நிறத்தை ஒதுக்கிவிட்டு ஒளியை மட்டும் வாசிக்கிறது. கறுப்பில் வரைந்திருந்தால் செட்டை ஒரே கட்டியாகப் போயிருக்கும். பச்சையில் அடர்த்திக்கும் வெளிறலுக்கும் நடுவே நிறையப் படிகள் கிடைக்கின்றன.

ஒரு பக்கத்தை மட்டும் தொடுவது என்பதுதான் இந்த மையின் முழு வித்தை. இரண்டு பக்கமும் தண்ணீர் பட்டால் கோடு போய்விடும், வெறும் கறை மிஞ்சும். வெளிச்சம் வருகிற பக்கம் காய்ந்திருக்க வேண்டும், நிழல் பக்கம் நனைய வேண்டும். அப்போது கோடு பாதி நிற்கும், பாதி நிழலாகும். தாளில் நல்ல பசை ஏற்றியிருந்தால்தான் இது நடக்கும். உறிஞ்சுகிற தாளில் சாயம் உள்ளே இறங்கிவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அசையாது.

அந்தத் துணிச்சலில் புறக்கோட்டைக்குப் போனேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிற சம்மான்கோட்டுப் பள்ளியைத் தெரியாதவர்கள் இல்லை. 1909இல் கட்டி முடித்த சிவப்பு வெள்ளைக் கோட்டுப் பள்ளிவாசல், படம் எடுக்க வருகிறவர்கள் தெரு நடுவில் நின்று மூட்டை சுமக்கிற நாட்டாமையிடம் ஏச்சு வாங்குகிற இடம். அதைப் பச்சையில் வரைவதுதான் திட்டம். நிற்க இடம் கிடைப்பதே பெரிது. எதிர்ப்பக்கம் ஒரு துணிக்கடைப் படியில் ஒதுங்கினேன். சிவப்பு வரிகளுக்கு முழு மை, வெள்ளை வரிகளுக்கு வெறுந்தாள். சுருள் சுருளான தூண்கள், மாதுளம்பழ மாதிரிக் கும்பங்கள், ஜன்னல் வளைவுகள் எல்லாவற்றிலும் அந்த வரிகள் ஓடுகின்றன. வரியை எண்ணிக்கொண்டு வந்தால் தலை சுற்றும், ஆகவே எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைக்காரர் சில தரம் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"செவப்புப் பள்ளிய பச்சையா ஆக்கிட்டீங்களே தங்கச்சி?"

"பேனையில இதுதான் இருக்கு நானா."

கொஞ்சம் யோசித்தார். "பள்ளிக்குப் பச்சையும் நல்லாத்தான் ஈக்குது" என்றார். பிறகு பிளேன்டீ ஒன்று சொல்லி அனுப்பினார், வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. திரும்பி வரும்போது கோட்டை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொப்பியை எவ்வளவு மறைத்தும் வலது பக்கக் கோபுரத்தில் ஒரு துளி விழுந்து, அங்கே வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதைத் திருத்தப் போகவில்லை. அந்தப் படத்தில் அந்த மூலைதான் எனக்கு இப்போது மிகவும் பிடிக்கும்.

ரயில் பாதையும் நன்றாக வருகிறது. மரைன் டிறைவ் ஓரத்தில் நின்றால் தண்டவாளம், கடல் அரிக்காமல் போட்ட கருங்கற்கள், அதற்கப்பால் கடல். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிற ஆட்களை வரைய ரயில் நேரம் தராது. நாலைந்து கோடு, பிரஷால் ஒரு இழுப்பு, ரயில் பம்பலப்பிட்டி போய்விடும். கருங்கல்லுக்கு இந்தப் பச்சையை நான் எந்தக் கறுப்புக்கும் விட்டுத்தர மாட்டேன். பாசி பிடித்த கல், பிடிக்காத கல் என்று இரண்டையும் ஒரே மை சொல்கிறது.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரலில் பட்டால் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தாலும் நகக் கண்ணில் ஒரு நாள் தங்கும். அந்தக் கையால் சோற்றைக் குழைத்துச் சாப்பிடும்போது எதிரில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது.

கடைசியாக அம்மா. மனித முகத்தைப் பச்சையில் வரைந்தால் நோயாளி மாதிரி வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இத்தாலியில் பழைய காலத்து ஓவியர்கள் முகத்துக்கு முதலில் பச்சை மண்ணைப் பூசி, அதற்கு மேல்தான் தோல் நிறத்தை ஏற்றினார்கள். கீழே இருக்கிற பச்சை மேலே இருக்கிற சிவப்பை உயிரோடு காட்டும், நிழலில் அது மட்டும் தெரியும். மேல் நிறம் தேய்ந்துபோன படங்களில் மாதா பச்சை முகத்தோடு இருக்கிறா. அவர்களுக்குச் சரிவந்தது எனக்கு ஏன் வராது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கதிரையில் இருத்தினேன்.

"அம்மா, ஆடாமல் இருங்கோ."

"எனக்கு அடுப்பில பருப்பு இருக்கு."

பருப்பு பொங்குவதற்கு முன் முடிக்க வேண்டும் என்றால் யோசிக்க நேரம் இல்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தை வெறுந்தாளாக விட்டேன். மூக்கின் நிழல், கண்ணுக்குக் கீழே தொங்குகிற பை, வாயோரச் சுருக்கம் மட்டும் கோடு. பிரஷைக் காதுப் பக்கம் இழுத்ததும் முகம் திரும்பி நின்றது. கறுப்பில் வரைந்த அம்மா எப்போதும் கோபமாகத்தான் வருவா, சுருக்கம் எல்லாம் வெட்டு மாதிரி விழும். பச்சையில் அது நடக்கவில்லை. வயது தெரிகிறது, கடுமை இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா.

"இதென்ன பிள்ளை, என்னை மீனாட்சி அம்மன் ஆக்கிப்போட்டாய்."

"நல்லாயில்லையோ?"

"நல்லாத்தான் இருக்கு. பொட்டு எங்க?"

பொட்டையும் பச்சையில்தான் வைத்திருந்தேன், அது நெற்றி நிழலோடு கலந்துவிட்டது. அம்மா விடவில்லை. சாமியறையில் இருந்து குங்குமத்தை எடுத்துக்கொண்டு வர வெளிக்கிட்டா. படத்தில் குங்குமம் கொட்டும் என்று தடுத்து, ஒபிஸ் பையில் இருந்து ஒரு சிவப்புப் போல்பொயிண்டை எடுத்து ஒரே ஒரு புள்ளி வைத்தேன். பச்சைக்கு நேர் எதிர் நிறம் சிவப்பு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். படத்தில் இருந்த மற்ற எல்லாம் ஒரு படி பின்னால் போய், முகம் முன்னால் வந்தது. ஓடிட் காலத்தில் என் சீனியர் பார்த்திருந்தால் சரி அடையாளத்துக்குப் பக்கத்தில் சிவப்பு யார் போட்டது என்று கேட்டு, முழுப் பக்கத்தையும் திரும்பச் செய்ய வைத்திருப்பார்.